பீடத்துக்குள் கிடக்கும் சாப்பாட்டு டப்பா மூடி

அனுப்புநர்:
பணி எண் 58,
பூங்காவின் முன்னாள் தண்ணீர்ப் பணியாளர் (ஓய்வு),
தையல் கடை மாடி, வடக்கு வாசலுக்கு எதிர்ச் சந்து.
(பூங்காவில் “பூவாளி” என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பூங்காக்கள் பிரிவு,
நகர நிர்வாக அலுவலகம்.

பொருள்: பூங்கா நடுவில் உள்ள ஆலை முதலாளி சிலையை அகற்றும்போது, அதன் பீடத்தை இயந்திரத்தால் உடைக்காமல் கையால் திறக்க வேண்டுவது தொடர்பாக.

பார்வை: பீடத்தில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் என் கையால் எழுதும் முதல் மனு இது. இதற்கு முன் என் பெயரில் தங்கள் அலுவலகத்துக்கு வந்த தாள்களை எல்லாம் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் எழுதினார். நான் பெருவிரலை மையில் தொட்டு வைத்தேன். போன வருடம் மழை தொடங்கிய சமயத்தில் முதியோர் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது. இதை எழுத ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. “நீங்க சொல்லுங்கப்பா, நான் போன்ல அடிச்சுத் தர்றேன், பத்து நிமிஷ வேலை” என்றாள் மகள். எனக்குப் பத்து நிமிஷ வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிழைகளை மட்டும் அவள் பென்சிலால் வட்டமிட்டாள், நான் திருத்தினேன். வரிகள் சில மேலே ஏறிப் போயிருக்கும். சந்தோஷத்தில் பேனாவை அழுத்தியதால் இரண்டு இடத்தில் தாள் கிழிந்தும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. தங்கள் அறிவிப்பை ஒட்டிய அன்றே வாசித்தேன். பதினோரு வரி, முக்கால் மணி நேரம். “என்ன பூவாளி அண்ணே, பரீட்சைக்கா படிக்கிறீங்க?” என்று காவலாளி கேட்டார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். யாரையும் கேட்காமல் நானே வாசித்த முதல் அரசாங்கத் தாள் அது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிரேன் வைத்துச் சிலை இறக்கப்படும் என்று இருந்தது. எட்டாவது வரியில், பீடம் இயந்திரத்தால் உடைக்கப்பட்டு, கல்லும் மண்ணும் பேருந்து நிலையப் பள்ளத்தை நிரப்பக் கொண்டு செல்லப்படும் என்று இருந்தது. அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று கடைசி வரி சொன்னது. எழுத்து மூலம் என்பதை விரலை வைத்து இன்னொரு முறை வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

3. சிலையை எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது அங்கேயே இருந்தாக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இருபத்தொன்பது வயதிலிருந்து அறுபது வயது வரை, முப்பத்தோரு வருடம், வாரத்துக்கு இரண்டு முறை அந்தச் சிலையைக் கழுவியவன் நான். பணியாளர்கள் நாங்கள் அதைக் கோட்டுக்காரர் என்போம். காக்கை எச்சம் அவர் கோட்டின் எந்த மடிப்பில் தங்கும், மழைத் தண்ணீர் எந்தக் காதின் வழியாக வடியும் என்பது எனக்குத் தெரியும். என் ஆட்சேபணை அவர் நிற்கும் பீடத்தைப் பற்றியது. அதிலும் வடகிழக்கு மூலையைப் பற்றியது.

4. நாற்பத்தொன்பது வருடம் முன்பு அவருடைய ஆலையில் மதிய ஷிப்டில் தீப்பிடித்தது தங்கள் கோப்புகளில் இருக்கும். துணி வெளியே போய்விடக் கூடாது என்று பின்படிக்கட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. இருபத்துமூன்று பேர் இறந்தார்கள். சாயப் பிரிவில் வேலை செய்த என் அண்ணன் இருபத்துநான்காவது ஆள். அவர் உடல் கிடைக்கவில்லை. அன்றைய வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே குறி இல்லை. அதற்கு முந்தின வாரம் சூப்பர்வைசரோடு வாய்த்தகராறு வேறு. ஆகவே அவர் வேலைக்கே வரவில்லை, பின்பக்கமாக வந்து தீ வைத்துவிட்டு ஊரை விட்டு ஓடிவிட்டார் என்று விசாரணை முடிந்தது. தாமதமாக வருகிறவர்களைக் குறி போடாமல் பின்வழியாக உள்ளே விட்டு மறுபடி வெளியே பூட்டிவிடுவது அந்த ஆலையில் வழக்கம். வேலை செய்த எல்லாருக்கும் இது தெரியும். விசாரணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

5. அன்றிலிருந்து எங்கள் வீடு நெருப்பு வைத்தவன் வீடு. அம்மா மட்டும் நம்பவில்லை. அந்த வாரம் அண்ணன் புதிதாக ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா வாங்கியிருந்தார். ஆலை அலமாரியில் எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருப்பதால் ஆள் மாறி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று, கடையிலேயே மூடியில் தன் பெயரைப் புள்ளிப் புள்ளியாக வெட்டி வாங்கி வந்திருந்தார். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவர் அவர் ஒருவர்தான். “ஓடிப்போறவன் சாப்பாடு கட்டிக்கிட்டா போவான்? நான்தாண்டா கட்டிக் குடுத்தேன்” என்று அம்மா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐயா, நானும் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது நான் வெளியூரில் ஒரு கட்டட வேலையில் தங்கியிருந்தேன். அந்த டப்பாவை நான் பார்த்ததே இல்லை. திரும்பி வந்து விசாரணையில் சொன்னதைக் கேட்டேன், நம்பினேன். எங்களை இப்படி மாட்டிவிட்டுப் போய்விட்டானே என்று அண்ணன்மேல் எனக்குக் கோபம். “சும்மா இரும்மா, பண்ணிட்டுப் போனவனுக்கு வக்காலத்து வேறயா” என்று ஒருமுறை கத்தினேன். அதற்குப் பிறகு அம்மா என்னிடம் டப்பாவைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சாகும்வரை வாசல் கதவுக்கு அவள் தாழ்ப்பாள் போட்டதில்லை. காற்றில் கதவு அசைந்தால் எழுந்து உட்காருவாள். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

6. முதலாளி மறு வருடம் காலமானார். தீ நடந்து பதினான்கு மாதம் கழித்து, பூங்காவில் சிலை வைக்கக் குழி தோண்டினார்கள். அந்த வேலைக்கு நான் சித்தாளாகப் போனேன். குழியை நிரப்ப ஆலை வளாகத்தில் குவித்துக் கிடந்த இடிபாட்டை லாரியில் கொண்டு வந்தார்கள். பின்படிக்கட்டுப் பக்கத்துக் குவியல் அது என்று லாரி ஓட்டுநர் சொன்னார். கூடை கூடையாக நான்தான் சுமந்து கொட்டினேன். கரி இருந்தது, உருகி உறைந்த கண்ணாடி இருந்தது. வெள்ளையாகச் சில துண்டுகளும் இருந்தன. “சுண்ணாம்புக் கட்டி, கொட்டு” என்றார் கொத்தனார். கொட்டினேன். சுண்ணாம்பு என்றால் கையில் நசுக்கும்போது மாவாகும். நான் நசுக்கிப் பார்த்தது மாவாகவில்லை. இந்த வரியை எழுத மட்டும் எனக்கு இரண்டு நாள் ஆனது.

7. முதல் கலவை விழும்போது ஆளுக்கு ஒரு பொருளை மூலையில் போடுவது எங்கள் கொத்தனாரின் பழக்கம். கட்டடம் நம்மை மறக்காது என்பார். ஒருவர் சட்டைப் பொத்தான் போட்டார், ஒருவர் சாவி போட்டார். என்னிடம் எதுவும் இல்லை. கூடையில் வந்த ஒரு டப்பா மூடியை எடுத்துத் துடைத்தேன். தீயில் நீலம் பூத்திருந்தது. மேலே புள்ளிப் புள்ளியாக ஏதோ வெட்டியிருந்தது. அம்மா சொன்ன டப்பா அப்போது என் நினைவுக்கே வரவில்லை. கலவை வர அன்று நேரமாகிவிட்டது. அதுவரை குழி ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளின் மேல் பெருவிரலை ஓட்டிக்கொண்டே இருந்தேன். “என்னடா, உன் பேரா போட்டிருக்கு?” என்று கொத்தனார் கேலி செய்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது. அங்கே இருந்தவர்களில் படிக்கத் தெரிந்தவர் ஆலையிலிருந்து வந்து நின்ற சூப்பர்வைசர் ஒருவர்தான். மூடியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். ஒரு பழைய மூடியைப் பார்க்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். “போட்டுடுப்பா” என்றார். வடகிழக்கு மூலையில் போட்டேன். கலவை வந்து மூடியது. அவர் வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவரும் இப்போது உயிரோடு இல்லை. இல்லாதவர்மேல் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

8. ஐந்து வருடம் கழித்து அதே பூங்காவில் வேலை கிடைத்தது. மதியத்துக்குமேல் கோட்டுக்காரரின் நிழல் அந்த வடகிழக்கு மூலையில்தான் விழும். முப்பத்தோரு வருடமும் நான் அங்கேதான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல குளிர்ச்சியான கல். சாப்பிட்டு முடித்து அப்படியே கண்ணயர்ந்ததும் உண்டு. இந்த வேலைக்கு வரும் முன்பே எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்தால் பெருவிரல் தானாகவே தொடையில் ஏதோ வரையும். மேலே ஒரு வளைவு, கீழே ஒரு கோடு, ஒரு சுழி, இப்படியே போகும். எப்போதும் ஒரே வரிசைதான். “என்னதான் வரையுறீங்க, வேட்டி தேஞ்சுபோகப் போகுது” என்று என் மனைவி கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கே தெரியாது என்பேன். உண்மையிலேயே தெரியாது.

9. நான்கு மாதம் முன்பு வகுப்பில் ஆசிரியை, வீட்டில் உள்ளவர்கள் பெயரை எழுதச் சொன்னார். பகலில் நகல் எடுக்கும் கடையில் வேலை செய்யும் பெண் அவர். பொறுமைசாலி. மனைவியின் பெயரை எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. மகள் பெயருக்கும் அப்படியே. மூன்றாவதாக அண்ணன் பெயரை எழுத ஆரம்பித்தேன். அது ஓடியது, ஐயா. நான் நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. “அட, தாத்தா! இது மட்டும் எப்படி இவ்வளவு வேகமா வருது? வீட்டுல ரகசியமா எழுதிப் பழகினீங்களா?” என்று ஆசிரியை கைதட்டினார். வகுப்பே கைதட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். நோட்டை மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

10. என் மனைவிக்கு இன்றுவரை ஓர் எழுத்தும் தெரியாது. மேசையைத் துடைக்க வந்தவள் நோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்: “இது நீங்க தொடையில போடுறதுதானே? நோட்டுல எதுக்குப் போட்டு வச்சிருக்கீங்க?” நான் அப்போது அவளிடம் அண்ணன் பெயர் எழுதியதைச் சொல்லியிருக்கவில்லை. எது என்று கேட்டேன். தன் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினாள். மேலே வளைவு, கீழே கோடு, சுழி. நோட்டில் இருந்தது அதுதான். சோப்பு நுரைக் கையோடு அந்த எழுத்துகளின் மேல் பெருவிரலை ஓட்டிக்கொண்டே இருந்தேன். “ஏங்க, ஏங்க” என்று அவள் பயந்து உலுக்கினாள். ஐயா, அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவின் மூடியைத்தான் நான் குழியில் போட்டேன். ஓடிப்போனவர் என்று நான் நினைத்தவரின் பெயரை அவர் தம்பியாகிய நானே நாற்பத்தெட்டு வருடம் தொடையில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

11. அன்று முதல் நான் பூங்காவுக்குள் போனால் வடகிழக்கு மூலைப் பக்கம் திரும்புவதில்லை. தூரத்தில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்தக் கல்லில் சாய்ந்த இடம் முதுகில் இன்னும் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. கோடை வெயிலிலும் அப்படித்தான். மருத்துவரிடம் காட்டினேன், வயசு என்றார். இருக்கலாம். எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு இப்போது நான் தாழ்ப்பாள் போடுவதில்லை. மகள் திட்டுகிறாள்.

12. இதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சிலை விவகாரம் கிளம்பிய பிறகு முடியவில்லை. பூட்டிய கதவைச் சொல்லிச் சிலையை எடு என்று கேட்கும் பிள்ளைகள் ஒருநாள் என்னிடம் வந்து, “தாத்தா, நீங்க இங்க வேலை பார்த்தவர், எங்களோட வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று கையைப் பிடித்து அழைத்தார்கள். அதற்குள் ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். பிடித்த கையை மெதுவாக விட்டுவிட்டார்கள். எடுக்கக் கூடாது என்பவர்களோ அன்று மாலையே கூட்டம் போட்டு, “முதலாளிமேல என்ன தப்பு? நெருப்பு வச்சவன் வேற ஒருத்தன்” என்று ஒலிபெருக்கியில் என் அண்ணன் பெயரை மூன்று முறை சொன்னார்கள். நாற்பத்தொன்பது வருடம் கழித்து அந்தப் பெயரை வெளியார் வாயில் கேட்டேன். சிலை போனாலும் சரி, இருந்தாலும் சரி, அந்தப் பெயர் அப்படியே நிற்கும் போலிருக்கிறது. அதைத் துடைக்கக்கூடிய ஒரே பொருள் பீடத்துக்குள் இருக்கிறது. வியாழக்கிழமை அது பேருந்து நிலையப் பள்ளத்துக்குப் போகிறது.

13. என் சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தெட்டு வருட ஞாபகம் பொய் சொல்லலாம். மனம் கேட்டதைக் கை எழுதியிருக்கலாம். என் மனைவிக்கும் வயது அறுபத்தெட்டு. மூடி மட்டும் கிடைத்தால் ஆள் அங்கே இருந்ததாக ஆகுமா என்று தாங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. அதனால்தான் மூடியை மட்டும் எடுத்துத் தரும்படி நான் கேட்கவில்லை. அதோடு விழுந்த எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறேன். சுண்ணாம்பு என்றால் சுண்ணாம்பு என்று தெரிந்துவிடட்டும்.

14. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து செய்ய வேண்டியவை:

(அ) சிலையைக் கிரேன் இறக்கிய பிறகு, பீடத்தின் வடகிழக்கு மூலையை மட்டுமாவது இயந்திரம் தொடாமல், உளியும் கடப்பாரையும் கொண்டு ஆட்கள் கையால் திறக்க வேண்டும். மூலையிலிருந்து உள்ளே இரண்டு முழம், தரைமட்டத்துக்குக் கீழே ஒன்றரை முழம். என் கை முழம்தான் அளவு. இடத்தை நானே நின்று காட்டுகிறேன்.

(ஆ) அங்கே வரும் மண்ணையும் கல்லையும் லாரியில் ஏற்றும் முன் சலிக்க வேண்டும். வெள்ளைத் துண்டுகள் வந்தால் அவற்றைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த அரசு மருத்துவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

(இ) அண்ணன் அங்கே இருந்தார் என்று தெரிந்தால், இறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயரை இருபத்துநான்காவதாக எழுதி, விசாரணைக் கோப்பில் உள்ளதைத் திருத்தி, அதன் நகல் ஒன்றை எனக்குத் தர வேண்டும். வேறு எந்த உதவியும் நான் கேட்கவில்லை. அந்த நகலை நானே வாசிப்பேன்.

அவர் பெயரை இந்த மனுவுக்குள் எழுதவில்லை. வரிகளுக்கு நடுவில் அது சிறியதாகிவிடும் போல இருந்தது. தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி இணைத்திருக்கிறேன். அந்தத் தாளில் அடித்தல் திருத்தல் கிடையாது.

15. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே வடக்கு வாசலில் இருப்பேன். தங்கள் பணியாளர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று கொத்தனார் வீட்டிலிருந்து சல்லடை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மூடி வெளியே வந்ததும் அதை முதலில் என் கையில் தர வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். அன்றைக்கும் அது என் கையில்தான் இருந்தது. தங்கள் அதிகாரிகள் முன்னிலையில், எல்லாருக்கும் கேட்கும்படி, எழுத்துக் கூட்டி நான் வாசிக்கிறேன். பக்கத்தில் நின்று யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். அதில் இருப்பது வேறொருவர் பெயராக இருந்தால், ஐயா, அதையும் உரக்க வாசிப்பேன். அந்தப் பெயருக்கும் எங்காவது தாழ்ப்பாள் போடாத ஒரு வீடு இருக்கும். எத்தனை நாள் ஆனாலும் தேடிக் கண்டுபிடித்து நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இப்போது எனக்குக் கதவில் உள்ள பெயர்ப் பலகைகளை வாசிக்கத் தெரியும்.

வியாழக்கிழமைக்கு முன் தங்கள் உத்தரவு வரும் என்று நம்பிக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பம்)
பணி எண் 58

(பெருவிரல் ரேகை)

குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகும் ரேகை வைத்திருப்பதைத் தவறாக நினைக்க வேண்டாம். தங்கள் கோப்புகளில் உள்ள நான் ரேகையாகத்தான் இருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். மூடியின்மேல் ஓடிய விரலும் இதுதான்.

இடம்: பூங்கா வடக்கு வாசல்
நாள்: திங்கட்கிழமை, காலை

இணைப்பு: அண்ணன் பெயர் எழுதிய தாள் – 1